தீர்ப்புக்குப் பின்னும் ஒரு வாசல்: மணவிலக்கில் பொருளுரிமையும் மேல்முறையீட்டின் வரலாறும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

பிள்ளைகளை மத்ரஸாவிலிருந்து அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் சிலர், வாசலில் சற்றுத் தயங்கி நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மகளுக்குத் தலாக் ஆகிவிட்டது. மஹரும் இத்தாக் காலச் செலவும் இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டார்கள். அது போதாது என்று தோன்றுகிறது. மேலே போனால் மார்க்கத்துக்கு மாறு செய்ததாகிவிடுமா ஹஜ்ரத்?” சில நேரங்களில் மகனைப் பெற்றவரும் இதே கேள்வியுடன் வருவார். தன் மகனின் வருமானத்துக்கு மீறிய தொகை விதிக்கப்பட்டுவிட்டது என்பது அவருடைய மனக்குறை.

ஒரு தீர்ப்பை ஏற்க மறுத்து, அதற்கும் மேலான ஓர் இடத்தில் முறையிடுவது மார்க்கப் பற்றின்மை என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழப் பதிந்திருக்கிறது. “பெரியவர்கள் பேசி முடித்ததை உடைக்கலாமா?” என்ற சொல்லுக்கு அஞ்சியே தம் உரிமையைக் கைவிட்ட பெண்கள் உண்டு. இந்த எண்ணத்துக்கு இஸ்லாமிய வரலாற்றில் ஆதாரம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறையிட்ட பெண்ணும் இறங்கிய வசனமும்

திருக்குர்ஆனின் 58-ஆவது அத்தியாயம் ‘அல்முஜாதிலா’. ‘வாதிட்டவள்’ என்பது அதன் பொருள். அன்னை கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களைக் குறித்து அது இறங்கியது. அவர்களுடைய கணவர் அவ்ஸ் பின் ஸாமித் (ரலி), ‘ளிஹார்’ எனும் அறியாமைக் கால வழக்கப்படி, மனைவியைத் தம் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கிவிட்டார். அன்றைய வழக்கில் அது மணவிலக்காகவே கருதப்பட்டது. கவ்லா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். உடனடியாகக் கிடைத்த பதில் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஆயினும் அவர்கள் எழுந்து போய்விடவில்லை. தம் முதுமையையும் சிறு பிள்ளைகளின் நிலையையும் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார்கள். பிள்ளைகளைக் கணவரிடம் விட்டால் கவனிப்பாரின்றிப் போவார்கள், தம்மிடம் வைத்துக்கொண்டால் பசியால் வாடுவார்கள் என்று அவர்கள் முறையிட்டதாக விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். அவர்களுடைய சொல்லை அல்லாஹ் செவியுற்றான் என்ற செய்தியுடன் வசனம் இறங்கியது. ளிஹாருக்குப் பரிகாரமும் விதிக்கப்பட்டது.

முதல் பதிலோடு நிற்காமல் மீண்டும் வாதிட்ட ஒரு பெண்ணை இறைவன் கண்டிக்கவில்லை. அந்த வாதத்தின் பெயரையே ஓர் அத்தியாயம் தாங்கி நிற்கிறது. முறையீட்டை ஒழுக்கக் கேடாக எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு தீர்ப்பின் மீது இன்னொரு தீர்ப்பு

அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79 ஆகிய வசனங்கள் இறைத்தூதர் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகியோர் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கின்றன. ஒருவருடைய ஆடுகள் இரவில் மற்றொருவருடைய விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. நட்டத்துக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரரிடம் கொடுத்துவிடுமாறு தாவூத் (அலை) தீர்ப்பளித்ததாக விரிவுரைகள் கூறுகின்றன. ஸுலைமான் (அலை) வேறு வழி கண்டார்கள். ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆடுகளின் பாலையும் கம்பளியையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும். பின்னர் அவரவர் பொருள் அவரவருக்கே திரும்பட்டும் என்றார்கள். ஸுலைமானுக்கு விளக்கத்தைக் கொடுத்ததாகச் சொல்லும் இறைவன், இருவருக்குமே ஞானத்தையும் கல்வியையும் கொடுத்ததாகவும் உடனே சேர்த்துச் சொல்கிறான். மேல் தீர்ப்பு வந்ததால் முதல் நீதிபதியின் மதிப்புக் குன்றவில்லை.

இவ்விருவரும் தீர்த்த மற்றொரு வழக்கு, ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் போட்டியிட்டது. முதல் தீர்ப்புக்குப் பின் அவர்கள் ஸுலைமான் (அலை) அவர்களிடம் சென்றார்கள். அந்த ஹதீஸைப் பதிவு செய்த இமாம் நஸாயீ, தமக்கு நிகரான அல்லது தம்மினும் மேலான ஒருவர் அளித்த தீர்ப்பை நீதிபதி மாற்றுதல் என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டிருக்கிறார்கள். ஹதீஸ் கலை அறிஞர் ஒருவர் மேல்முறையீட்டுக்கு அங்கே ஆதாரம் கண்டிருக்கிறார் என்பது கவனத்துக்குரியது.

யமன் நாட்டில் அலீ (ரலி) அவர்கள் விதித்த உயிரீட்டுத் தொகையை ஏற்க மறுத்தவர்கள், ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்களிடம் வழக்கைக் கொண்டுசென்ற செய்தியை முஸ்னது அஹ்மத் பதிவு செய்கிறது. நபியவர்கள் அலீயின் தீர்ப்பையே உறுதி செய்தார்கள். அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பண ஆணை ஒன்றை எதிர்த்து மேலே சென்றதைக் குற்றமாகக் கருதாத ஒரு மரபை இச்செய்தி காட்டுகிறது.

ஃபாத்திமா பின்த் கைஸும் வாற்கோதுமையும்

மணவிலக்குக்குப் பின் எழுந்த பண வழக்குகளில் மிகவும் புகழ்பெற்றது ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுடையது. ஸஹீஹ் முஸ்லிமில் அது விரிவாக இடம்பெற்றுள்ளது. வெளியூரில் இருந்த கணவர் இறுதித் தலாக்கை அனுப்பிவிட்டார். அவருடைய முகவர் சிறிது வாற்கோதுமையை அனுப்பிவைத்தார். அது போதாது என்று ஃபாத்திமா (ரலி) சினமுற்றார்கள். “உமக்கு எங்கள் மீது எந்த உரிமையும் இல்லை” என்ற பொருள்பட முகவர் பதில் சொன்னார். ஃபாத்திமா (ரலி) நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்றார்கள். அவர்களுக்கு ஜீவனாம்சம் இல்லை என்றே தீர்ப்புக் கிடைத்தது. கண்பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வீட்டில் இத்தா இருக்குமாறு நபியவர்கள் ஏற்பாடு செய்தார்கள்.

கதை இங்கு முடியவில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இச்செய்தி எடுத்துச் சொல்லப்பட்டபோது அவர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு பெண்மணி சரியாக நினைவில் வைத்தாரா, மறந்தாரா என்று தெரியாத நிலையில், அவருடைய சொல்லுக்காக இறைவேதத்தைக் கைவிட முடியாது என்று கூறி, இறுதித் தலாக் பெற்ற பெண்ணுக்கு இருப்பிடமும் ஜீவனாம்சமும் உண்டு என்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஃபாத்திமாவின் செய்தியைப் பொதுச் சட்டமாக எடுத்துக்கொள்வதை ஏற்கவில்லை. பின்னாளில் மதீனாவின் ஆளுநர் மர்வான் ஆளனுப்பி விசாரித்தபோது, ஃபாத்திமா (ரலி) தம் நிலையைக் குர்ஆனைக் கொண்டே வாதிட்டு நிலைநாட்டினார்கள்.

இந்த ஒரே நிகழ்விலிருந்து மத்ஹபுகள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தன. கருவுறாத நிலையில் இறுதித் தலாக் பெற்ற பெண்ணுக்கு இத்தாக் காலத்தில் இருப்பிடமும் ஜீவனாம்சமும் உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். இருப்பிடம் உண்டு, ஜீவனாம்சம் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹப். இரண்டும் இல்லை என்பது ஹன்பலி மத்ஹப். மணவிலக்குப் பெற்றவளுக்குக் கணவன் அளிக்க வேண்டிய ‘மதாஃ’ எனும் அன்பளிப்புத் தொகையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. மஹர் பேசப்படாமல், உடலுறவுக்கு முன்பே தலாக் விடப்பட்டவளுக்கு மட்டுமே அது கட்டாயம், ஏனையோருக்கு விரும்பத்தக்கது என்பர் ஹனஃபிகள். உறவுக்குப் பின் தலாக் பெற்றவளுக்கும் அது கட்டாயம் என்பர் ஷாஃபிஈகள். தொகையில் தம்பதியர் உடன்படாவிட்டால், இருவரின் நிலையையும் கருதிக் காழி முடிவு செய்ய வேண்டும் என்று இமாம் நவவீ ‘மின்ஹாஜ்’ நூலில் எழுதுகிறார்கள்.

காழி கருதிப் பார்த்து முடிவு செய்யும் ஒரு தொகையில் தவறு நேர வாய்ப்பும் உண்டு. காயல்பட்டினத்தின் ஷாஃபிஈப் பெண்ணொருத்தியின் வழக்கை ஹனஃபிச் சட்டப்படி முடித்துவிட்டால், அவளுக்குக் கட்டாயமாகச் சேர வேண்டிய மதாஃ விடுபட்டுப் போகலாம். மறுபார்வைக்கு வழி இருந்தால்தான் இத்தகைய பிழையைத் திருத்த முடியும்.

ஃபிக்ஹ் வகுத்த எல்லை

அப்படியானால் எந்தத் தீர்ப்பும் என்றும் முடிவுறாதா? நம் சட்ட அறிஞர்கள் இதையும் சிந்தித்தார்கள். ஓர் இஜ்திஹாதை இன்னோர் இஜ்திஹாதால் முறிக்க முடியாது என்பது புகழ்பெற்ற சட்டவிதி. நீதிபதி மாறியதாலோ வேறு கருத்துத் தோன்றியதாலோ மட்டும் பழைய தீர்ப்புக் கலையாது. ஆனால் தெளிவான வேத ஆதாரத்துக்கோ அறிஞர்களின் ஒருமித்த கருத்துக்கோ முரணாக அமைந்த தீர்ப்பு முறிக்கப்படும். உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாகக் கூறப்படும் மடலிலும், நேற்றளித்த தீர்ப்பு இன்று உண்மையின் பக்கம் திரும்புவதற்குத் தடையாகக் கூடாது என்ற அறிவுரை இருக்கிறது.

காழியின் மன்றத்துக்கு மேலே ‘மளாலிம்’ எனும் முறையீட்டு மன்றம் இயங்கியதை ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ, ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ நூலில் தனி அத்தியாயமாக விளக்குகிறார்கள். உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டநூல், தீர்ப்பு முறைப்படி அமையவில்லை என்று பாதிக்கப்பட்டவர் கருதினால், அதை மீண்டும் ஆராயக் கோரும் ‘இஸ்திஃனாஃப்’ முறைக்கு இடமளித்தது. முறைப்படி அமைந்திருந்தால் தீர்ப்பு உறுதியாகும்; இல்லையேல் வழக்கு மீண்டும் விசாரிக்கப்படும்.

இலங்கையின் காதி மன்றங்கள்

தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே இம்மரபு இன்றும் சட்ட வடிவில் நிலைத்திருக்கும் நாடு இலங்கை. 1806-ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டத் தொகுப்பு, 1886-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம், 1929-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் என்று படிப்படியாக வளர்ந்து, 1951-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் உருவானது. அது 1954-இல் நடைமுறைக்கு வந்தது.

மஹர், தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு, பிள்ளைப்பேற்றுச் செலவு, பெண் வீட்டார் கொடுத்த கைக்கூலியைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றை விசாரிக்கும் அதிகாரம் காதிக்கு உண்டு. அவருடைய ஆணையால் குறைப்பட்டவர் காதிகள் சபையிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் நிறைவு காணாதவர், அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை செல்லலாம். காதியின் முன் வழக்கறிஞர் வாதாட முடியாத நிலையில், சட்டம் அறியாத ஒரு பெண் முதல் விசாரணையில் தன் வழக்கைச் சரியாக எடுத்துரைக்கத் தவறலாம். அவளுக்கு இந்த இரண்டாம் வாசல் எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஏணியைக் கட்டிய சட்டம் ஷரீஅத்தின் பெயரால் இயங்குவதே.

இந்தியாவில் நடந்தது

இந்தியாவின் கதை வேறு. ஆங்கிலேய ஆட்சியில் 1864-ஆம் ஆண்டுச் சட்டம் காழிகளின் அரசுப் பதவியை நீக்கியது. 1880-ஆம் ஆண்டின் காஸிகள் சட்டம் அவர்களை மீண்டும் நியமிக்க வழிசெய்தாலும், நீதி வழங்கும் அதிகாரம் எதையும் அவர்களுக்குத் தரவில்லை. ஆகவே நம் ஊர்களில் ஜமாஅத்தும் காழியும் செய்து வைப்பது சமரசமே. சட்டத்தின் பார்வையில் அது நீதிமன்றத் தீர்ப்பாகாது. அதில் நிறைவு காணாதவர் நீதிமன்றம் செல்வதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. சமரசம் சிறந்தது என்று குர்ஆனே சொல்கிறது. ஆனால் சமரசம் என்பது இரு தரப்பும் மனமொப்பி ஏற்பதாகும். ஒரு தரப்பை மிரட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நீதிமன்றப் படிகளில் ஒரு தொகை எப்படி மாறுகிறது என்பதற்கு ஷா பானு வழக்கே சான்று. 1932-இல் மணமாகி 1975-இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட அவர், 1978-இல் இந்தூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மாதம் 500 ரூபாய் கோரி மனுச் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் வழக்கறிஞரான கணவர் தலாக் சொன்னார். 1979-இல் மாஜிஸ்திரேட் விதித்தது மாதம் 25 ரூபாய். ஷா பானு சீராய்வு கோரி மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சென்றார். 1980-இல் அந்தத் தொகை 179 ரூபாய் 20 காசாக உயர்ந்தது. அதை எதிர்த்துக் கணவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1985 ஏப்ரல் 23 அன்று ஐவர் அமர்வு அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

நீதிமன்றமே திருக்குர்ஆனுக்கு விளக்கம் சொன்ன முறையை உலமாக்கள் எதிர்த்தார்கள். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் வந்தது. அந்த வரலாறு நம்மவர் அனைவருக்கும் தெரியும். ஆனால் 25 ரூபாய் 179 ரூபாயானது அந்த முதியவர் தாமே ஒரு படி மேலேறியதால்தான் என்பதை நாம் பேசுவதில்லை. அவர் முதல் ஆணையோடு வீடு திரும்பியிருந்தால் 25 ரூபாயே அவருடைய பங்காக இருந்திருக்கும்.

1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நியாயமான, போதுமான ஏற்பாட்டைக் கணவன் இத்தாக் காலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். அந்த ஏற்பாடு அவளுடைய எதிர்காலத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பின்னாளில் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத பெண்ணுக்கு அவளுடைய வாரிசு உறவினரும், அவர்களால் முடியாதபோது வக்ஃபு வாரியமும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் மற்றொரு பிரிவு. முதலில் உறவினர் ஒவ்வொருவர் மீதும் வழக்காடித் தோற்ற பிறகே தம்மிடம் வர வேண்டும் என்று தமிழ்நாடு வக்ஃபு வாரியம் மேல்முறையீட்டில் வாதிட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உறவினரிடம் வசதியில்லை என்பதைக் காட்டி அதே வழக்கில் வாரியத்திடமும் கோரலாம் என்றது.

அண்மையில், தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு வழக்கில் குடும்ப நீதிமன்றம் இடைக்கால ஜீவனாம்சமாக மாதம் 20,000 ரூபாய் விதித்தது. கணவர் உயர் நீதிமன்றம் சென்றார். தொகை 10,000 ஆகக் குறைந்தது. அவர் உச்ச நீதிமன்றமும் சென்றார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கும் உரியதே என்று கூறி, 2024 ஜூலை 10 அன்று அம்மேல்முறையீடு தள்ளப்பட்டது. உயர் நீதிமன்றம் கணவருக்குச் செவிசாய்த்துத் தொகையைக் குறைத்ததையும் கவனிக்க வேண்டும். மேல்முறையீட்டின் வாசல் இரு பாலாருக்கும் திறந்தே இருக்கிறது.

படியேறுமுன் அறிய வேண்டியவை

வழக்கில் இருக்கும் குடும்பங்கள் சில செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும்.

குடும்ப நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் தரும் காலம் 30 நாள். இத்தா முடியட்டும், நோன்பு கழியட்டும் என்று காத்திருந்தால் கெடு கடந்துவிடும். குற்றவியல் நடைமுறை விதிகளின்படி விதிக்கப்படும் ஜீவனாம்ச ஆணைக்கு மேல்முறையீடு இல்லை. சீராய்வு மனுவே அங்கு வழி.

இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற ஆணையை எதிர்த்து அச்சட்டப்படி மேல்முறையீடு கிடையாது. ஆகவே ‘எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வாசகத்தின் கீழ்க் கையெழுத்திடுமுன் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

மேல்முறையீடு தாக்கல் செய்வதால் மட்டும் தொகை கொடுக்கும் கடமை நின்றுவிடாது. நீதிமன்றம் தடையாணை வழங்கினாலன்றி ஆணை நடைமுறையில் இருக்கும். பிள்ளைகளின் உணவுச் செலவை நிறுத்தி வைப்பதற்காகவே படிப்படியாக வழக்கை இழுப்பவர், சட்டத்தில் தப்பினாலும் மறுமையில் தப்ப மாட்டார்.

நிக்காஹ் பதிவேட்டில் மஹர் தெளிவாக எழுதப்பட்டிருப்பதும், கொடுத்ததற்கும் பெற்றதற்கும் ரசீது இருப்பதும் மேல் நீதிமன்றத்தில் பேசும் சாட்சிகள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன வேதம் நம்முடையது. மஹரும் கடனே.

யாவற்றுக்கும் மேலான மன்றம்

அன்னை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்குடன் வருவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறன் மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமையிலிருந்து எதையேனும் தாம் வழங்கிவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

இறைத்தூதரின் திருவாயிலிருந்து வந்த தீர்ப்பே பிறர் பொருளை ஒருவருக்கு ஹலாலாக்காது என்றால், ஜமாஅத் மன்றமோ, காதி மன்றமோ, உச்ச நீதிமன்றமோ அதை எப்படி ஹலாலாக்கும்? வருமானத்தை மறைத்து ஜீவனாம்சத்தைக் குறைத்துக்கொண்ட கணவனுக்கும், பெற்ற மஹரைப் பெறவில்லை என்று சாதித்த மனைவிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மகனின் சம்பளச் சீட்டை ஒளித்து வைத்த தாய் தந்தையரும் இதற்கு விலக்கல்லர்.

ஆகவே மகளைப் பெற்ற அந்தத் தந்தைக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: உரிமை குறைந்திருக்கிறது என்று உண்மையாகவே நம்பினால், தயங்காமல் மேலே செல்லுங்கள். கெடு முடியுமுன் செல்லுங்கள். பொய் கலவாமல் செல்லுங்கள். மார்க்கம் உங்களைத் தடுக்கவில்லை. மகனைப் பெற்றவருக்கும் இதே பதில்தான். அவருக்கு இன்னும் ஒரு சொல் மட்டும் கூடுதலாக உண்டு: முடிவு வரும் வரை பேரப்பிள்ளைகளின் பால் செலவை நிறுத்திவிடாதீர்கள்.

பிரிந்தாலும் நல்ல முறையில் பிரியுமாறு கட்டளையிட்ட வல்ல ரஹ்மான், நம் குடும்பங்களை நீதியின் மீது நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.